துருப்பிடித்த லாரியும் துணிந்த குடும்பமும்

வீட்டுக் கொல்லையில் ஒரு சின்ன லாரி இருபது வருஷ காலமாகக் கிடக்கிறது. அதன் மேல் காட்டுக்கொடி படர்ந்திருக்கிறது. ஆசனத்துப் பஞ்சுக்குள்ளே எலிகள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தி வருகின்றன. நம் ஊராயிருந்தால் வீட்டு அம்மாள் பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு, எடைக்கு விலை பேசி, அன்றைக்கே அதற்கு விடை கொடுத்தனுப்பியிருப்பாள். அமெரிக்காவிலோ இதற்கு நேர்மாறான காரியம் நடக்கிறது. ஒரு சனிக்கிழமைக் காலையில் தகப்பனாரும் பெண்ணும் பிள்ளையுமாகச் சேர்ந்து அந்த லாரியை வீட்டுக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு அந்தக் கொட்டகையில் அன்றாடம் ஓடும் வண்டியை நிறுத்த இடமிருப்பதில்லை.

இந்த ஜாதி வண்டிக்குப் 'பிக்-அப்' என்று பெயர். முன்னால் இரண்டு மூன்று பேர் உட்காரும் அறை. பின்னால் சாமான் போடுவதற்குத் திறந்த பெட்டி. இது பிறந்த கதையே வேடிக்கையானது. 1908-ல் போர்டு கம்பெனியார் 'மாடல் டி' என்னும் மலிவான மோட்டாரைக் கொண்டுவந்தார்கள். குடியானவர்கள் அதை வாங்கிய கையோடு ரம்பத்தைத் தேடினார்கள்! பின்பக்கத்தை அறுத்து எறிந்துவிட்டு, அவ்விடத்தில் மரப்பெட்டி ஒன்றை அடித்து, முட்டைக்கோஸும் பால் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். இதைப் பார்த்த பிறகுதான் 1925-ல் கம்பெனியாரே 281 டாலர் விலையில் பெட்டி வைத்த வண்டியைச் செய்து விற்றார்கள். ஆகவே வீட்டில் வண்டியைப் பிரித்துத் தம் இஷ்டப்படி மாற்றிக்கொள்வது இன்று நேற்றுப் பிடித்த பைத்தியம் அல்ல; வண்டியின் ஜாதகத்திலேயே எழுதியிருக்கிறது.

பழைய பிக்-அப்புகளுக்குள்ளே மிகவும் பிரீதிக்குப் பாத்திரமானவற்றில் ஒன்று, 1947-ம் வருஷம் வெளிவந்த செவ்ரோலே வண்டி. அதன் அரை டன் பிரிவுக்கு 3100 என்று எண். யுத்தத்துக்காக 1942-ல் பொதுஜனங்களுக்கு மோட்டார் செய்வதை அமெரிக்கா நிறுத்தியிருந்தது. யுத்தம் முடிந்த பின் அந்தக் கம்பெனியார் முற்றிலும் புதிதாக வகுத்த முதல் உருவம் இதுதான். உருண்டு திரண்ட முகம், குறுக்கே ஐந்து கம்பிகள், கொழுத்த குழந்தையின் கன்னங்களைப் போன்ற மட்கார்டுகள். அதிகப் பணம் கொடுத்தவர்களுக்கு அறையின் பின்மூலைகளிலும் கண்ணாடி வைத்துக் கொடுத்தார்கள். அந்த 'ஐந்து ஜன்னல்' வண்டி கிடைத்தவன் இன்று தன்னைப் பெரிய அதிர்ஷ்டசாலியாகக் கருதுகிறான்.

வேலையின் ஆரம்பம் மிகவும் உற்சாகமாயிருக்கும். ஆபத்தும் அங்கேதான். திருகாணியைக் கழற்றுவது சுலபம். எதிலிருந்து கழற்றினோம் என்று ஆறு மாதம் கழித்து ஞாபகம் வைத்திருப்பது பிரம்மப் பிரயத்தனம். அனுபவசாலிகள் ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் படம் பிடிக்கிறார்கள். போல்டையும் நட்டையும் தனித்தனிப் பையில் போட்டுச் சீட்டு எழுதிக் கட்டுகிறார்கள். இப்படிச் செய்யாத வண்டிகள், பிரித்த சாமான்கள் பெட்டி பெட்டியாகக் கிடக்க, பாதி விலைக்குக் கைமாறுவது சர்வ சாதாரணம்.

அடுத்தபடியாகத் துரு. சிறிய சாமான்களின் துருவைப் போக்க ஓர் அழகான உபாயம் உண்டு. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் ஊற்றிச் சலவைச் சோடாவைக் கரைக்க வேண்டியது. துருப்பிடித்த சாமானை பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் பெட்டியின் எதிர்முனையோடும், வேண்டாத இரும்புத் தகடு ஒன்றை நேர்முனையோடும் இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் அதற்குள் தொங்கவிட வேண்டியது. மறுநாள் துரு கரியாக இளகிப் பிரஷ்ஷால் தேய்த்தவுடன் உதிர்ந்துவிடும். நல்ல இரும்புக்குச் சேதமில்லை. ஆனால் பளபளக்கிறதே என்று எவர்சில்வர்த் தகட்டை உபயோகிக்கக் கூடாது. அதிலுள்ள குரோமியம் தண்ணீரை விஷமாக்கிவிடும். தொட்டியிலிருந்து எழும்புவது ஹைட்ரஜன் வாயுவாகையால் காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல் செய்ய வேண்டும்.

குழந்தைகள் கூடவே நின்று வேலை செய்கிறார்கள் என்றேன் அல்லவா? அதனால் இன்னும் சில விஷயங்களைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும். உப்புத்தாளை உலர்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகும். தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். பிரேக் கட்டைகளில் படிந்த தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை ஊதித் துடைப்பது பெருந்தவறு. 1949 முதல் இந்த வண்டியில் பெட்ரோல் தொட்டி, உட்காருகிற ஆசனத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது. தொட்டி காலியாயிருக்கிறது என்று நம்பி அதன் பக்கத்தில் வெல்டிங் வைப்பவனைப்போல் மூடன் வேறில்லை. நிறைந்த தொட்டியைக் காட்டிலும் ஆவி நிரம்பிய காலித் தொட்டியே அதிக வேகமாக வெடிக்கும்.

இனி யந்திரத்துக்கு வருவோம். ஆறு சிலிண்டர், 216 கன அங்குலம், 90 குதிரை சக்தி. எண்ணெய் போகும் விதத்தைப் பார்த்தால் நம் வீட்டுச் சமையலறை ஞாபகம் வரும். ஒவ்வொரு பிஸ்டன் தண்டின் அடியிலும் சிறிய அகப்பை ஒன்று இருக்கிறது. தண்டு சுழலும்போது கீழேயுள்ள பள்ளத்திலிருந்து அது எண்ணெயை முகந்துகொள்கிறது. தண்டின் உட்புறத்தில் வெள்ளீயக் கலப்பு உலோகத்தை உருக்கி வார்த்துப் பதம்பார்த்துக் கடைந்திருக்கிறார்கள். மணிக்கு 45 மைல் வேகத்தில் நாளெல்லாம் ஓட்டினாலும் பொறுமையாக உழைக்கும். விரட்டினால் அந்த வெள்ளீயம் அடி வாங்கும். அதை மறுபடி வார்த்துக் கொடுக்கத் தெரிந்தவர்கள் இப்போது மிகச் சிலரே.

இந்த இடத்தில்தான் குடும்பத்தில் சண்டை மூள்கிறது. "பழையபடியே இருக்கட்டும்" என்பது ஒரு கட்சி. "யந்திரத்தைத் தூக்கி எறி, எட்டு சிலிண்டரைப் போடு" என்பது மறு கட்சி. பின்னவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை. வண்டியின் பிரேக் முழுவதும் ஒரே குழாய் வழியில் இயங்குகிறது. எங்கேனும் ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் போச்சு. இடுப்புப் பட்டை கிடையாது. மின்சாரம் 6 வோல்ட்தான். அதனால் அதே வேலைக்கு இரண்டு மடங்கு மின்னோட்டம் தேவைப்படுகிறது, இக்காலத்து மெல்லிய கம்பியைப் போட்டுவிட்டு "ஸ்டார்ட் ஆகவில்லையே!" என்று தலையில் கை வைத்துக்கொள்கிறவர்கள் அநேகர்.

ஆனால் ஒன்றை மாற்றினால் அதோடு நிற்பதில்லை. பலமான யந்திரத்தை வைத்தால் பின் அச்சு தாங்காது. சக்கரத்தைச் சுழற்றும் தண்டு ஒரு குழாய்க்குள்ளே அடைபட்டிருப்பதால், பின் அச்சை மாற்றினால் தண்டையும் கியர்ப் பெட்டியையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிறகு ஸ்டியரிங், பிறகு முன்பக்கத்து வில். கடைசியில் பார்த்தால் பழைய வண்டியில் தகரம் மட்டுமே மிச்சம். செலவழித்த தொகைக்கு இரண்டு நல்ல வண்டி வாங்கியிருக்கலாம். என் அபிப்பிராயம், நடுவழியே மேல் என்பது. இரட்டைக் குழாய்ப் பிரேக்கும் இடுப்புப் பட்டையும் அவசியம் வேண்டும். யந்திரம் முற்றிலும் கெட்டுவிட்டதானால், அதே கம்பெனியார் 1954 முதல் லாரிகளில் வைத்த 235 கன அங்குல ஆறு சிலிண்டர் யந்திரம் இருக்கிறது. அதில் எண்ணெய் அழுத்தத்தோடு பாய்கிறது. அகப்பை வேலை இல்லை. சொற்ப மாறுதலோடு பழைய இடத்திலேயே உட்கார்ந்துவிடும். குரல்கூட அதே குரல்.

நம் தேசத்தில் இது நடக்குமா என்று நேயர்கள் கேட்கலாம். 1928 முதல் 1954 வரையில் பம்பாய் சேவ்ரியில் செவ்ரோலே வண்டிகள் பூட்டப்பட்டன. வெளிநாட்டு அடிச்சட்டத்தின் மேல் மரமும் தகரமும் கொண்டு பஸ் கட்டிய கைகள் நம் பட்டறைக்காரர்களுடையவை. கைத்திறமைக்கு இங்கே பஞ்சமே இருந்ததில்லை. சட்டம்தான் வேறு. கம்பெனி செய்தபடிக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாதென்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தார்கள். 2021-ல் மத்திய சர்க்கார் செய்த விதிப்படி, சொந்த உபயோகத்துக்கான வண்டி 50 வருஷத்துக்கு மேற்பட்டதாயும் அசல் உருவம் கெடாததாயும் இருந்தால், 20,000 ரூபாய் கட்டி 'வி.ஏ.' என்ற எழுத்துக்களோடு தனி நம்பர் பெறலாம். தினசரிப் போக்குவரத்துக்கு உபயோகிக்கக் கூடாது. பழைமையைக் காப்பாற்ற வேண்டியதுதான். ஆனால் பிரேக்கைப் பந்தோபஸ்தாக மாற்றிக்கொள்பவனையும் அலங்காரப் பித்தனையும் ஒரே தராசில் நிறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கொட்டகைக்குத் திரும்புவோம். கடைசி வேலை பின்பெட்டியின் தரை. மரப் பலகைகளை வரிசையாக அடுக்கி, இடையிடையே இரும்புப் பட்டைகளைப் போட்டு முடுக்குகிறார்கள். முன்னே அதன் மேல் வைக்கோலும் எருவும் ஏறின, இப்போது ஓக் மரத்துக்கு வார்னிஷ் பூசி, "செருப்போடு ஏறாதே!" என்கிறார் தகப்பனார். பெண் போய் முன்னால் உட்காருகிறாள். ஸ்டார்ட்டர் பித்தான் அல்ல; தரையில் காலால் மிதிக்கும் கட்டை. முதல் மிதிக்கு ஒன்றுமில்லை. இரண்டாவது மிதிக்கு ஓர் இருமல், கொஞ்சம் நீலப் புகை. மூன்றாவது மிதிக்கு ஆறு சிலிண்டரும் பேசத் தொடங்குகின்றன. சமையலறையிலிருந்து தாயார் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவருகிறாள்.