சேலஞ்சர் பாய்ச்சிய எலக்ட்ரான் கற்றை

1985 ஜூலை 29 அன்று கிளம்பிய சேலஞ்சர் விண்ணோடத்தின் இயந்திரங்களில் ஒன்று பாதி வழியில் நின்றுபோனது. அதனால் ஓடம் திட்டமிட்டதைவிடத் தாழ்வான சுற்றுப்பாதையையே எட்டியது. அந்தப் பயணத்தைப் பற்றித் தேடினால் இந்தக் கோளாறும், வீரர்கள் விண்வெளியில் கோலா குடித்துப் பார்த்த கதையும்தான் முதலில் வருகின்றன. இயற்பியல் படிக்கும் எனக்குப் பிடித்தது வேறொன்று.

ஓடத்தில் ஓர் எலக்ட்ரான் துப்பாக்கி இருந்தது. தாத்தா வீட்டுப் பழைய தொலைக்காட்சியின் படக்குழாயில் இருந்ததும் அதே வகைதான். 300 கிலோமீட்டருக்கு மேலே காற்று மிக மெல்லியது. சூரியக் கதிர்கள் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுவதால் அங்கே பிளாஸ்மா நிறைந்திருக்கிறது. அதனுள் 1,000 வோல்ட் கற்றை பாய்ச்சப்பட்டது. ஓடத்திலிருந்து பிரிந்து மிதந்த ஒரு சிறு துணைக்கோள், அங்கு எழுந்த அலைகளைப் பதிவு செய்தது. அப்பதிவை ஆராய்ந்தவர்கள் அயோவா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கர்னெட் குழுவினர்.

ஓடமும் துணைக்கோளும் பூமியின் ஒரே காந்தக் கோட்டில் அமைந்த நேரத்தில், வரைபடத்தில் ஒரு புனல் வடிவம் தெரிந்தது. குறைந்த அதிர்வெண் அலைகள் காந்தக் கோட்டை ஒட்டியே செல்லும். கூடிய அதிர்வெண் அலைகள் விலகிப் பரவும். அதனால்தான் அந்த வடிவம். துருவ ஒளிக்கு மேலே பறந்த செயற்கைக்கோள்களும் இதே புனலைப் பதிவு செய்திருந்தன. ஆனால், அங்கே கற்றை எங்கிருந்து கிளம்புகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இங்கோ கற்றையின் ஆற்றல், மின்னோட்டம், தொடங்கும் இடம் எல்லாமே கையில் இருந்தன.

கணக்குப் போட்டபோது ஒன்று இடித்தது. எலக்ட்ரான்கள் தனித்தனியாக அலையை வெளியிட்டிருந்தால், பதிவானது போன்ற வலுவான அலை வந்திருக்கவே முடியாது. தைப்பூசத்தில் இருபது பேர் ஆளுக்கொரு தாளத்தில் உறுமியைத் தட்டினால் வெறும் இரைச்சல். ஒன்றாகத் தட்டினால் தெருவே அதிரும். கற்றையும் அப்படித்தான். முதலில் அது பிளாஸ்மாவில் சிறு அலையைத் தூண்டுகிறது. தன்னைவிடச் சற்று வேகமாக வரும் எலக்ட்ரான்களின் ஆற்றலைப் பிடுங்கி அந்த அலை வளர்கிறது. வளர்ந்தபின் அதே எலக்ட்ரான்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்துவிடுகிறது. ஒரு கொத்தில் உள்ளவை சேர்ந்து வெளியிடும் அலையே அத்தனை வலுவானது.

கர்னெட் 2022இல் காலமானார். விண்வெளியில் பதிவான பிளாஸ்மா அலைகள் பலவற்றை அவர் ஒலியாக மாற்றி வைத்திருக்கிறார், இணையத்தில் கேட்கலாம். துருவ ஒளிப் பகுதியின் அலைகளைக் கேட்டால் குக்கரில் ஆவி சீறுவதுபோல் இருக்கும்.