இருபது என்றால் எந்த இருபது?
அப்பாவின் இன்சுலின் சீட்டும் ஒரு எக்ஸெல் பக்கமும்

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒரு மாதம் கழித்துத் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், மெயில் அனுப்புகிறோம். வீட்டுக்கு உருப்படியாக வேறு என்ன செய்யலாம்?" நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். நாள் முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால்தான் பிழைப்பு. ஆனாலும் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் எனக்குக் கிடைத்தது அலுவலகத்தில் இல்லை. ஆவடியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், அப்பாவின் மருந்துச் சீட்டை வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது.

பேனா போய் குப்பி வந்தது

அப்பா ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வருடமாக இன்சுலின் போட்டுக் கொள்கிறார். காலையில் 20 யூனிட், இரவில் 12 யூனிட். பேனா போன்ற கருவியில் கேட்ரிட்ஜைப் பொருத்தி, குமிழைத் திருகி 20 என்ற எண்ணில் நிறுத்தி, அழுத்தினால் வேலை முடிந்தது.

2025-ஆம் ஆண்டு, நோவோ நார்டிஸ்க் நிறுவனம் தன்னுடைய மனித இன்சுலின் வகைகளைப் பேனா கேட்ரிட்ஜாக இந்தியாவில் விற்பதைப் படிப்படியாக நிறுத்துவதாகவும், அதே மருந்து குப்பியில் தொடர்ந்து கிடைக்கும் என்றும் செய்தி வந்தது. பேனாவுக்குப் பழகிய பலர் குப்பிக்கோ வேறு வகை இன்சுலினுக்கோ மாற வேண்டியதாயிற்று. அப்பாவும் அவர்களில் ஒருவர். டாக்டர் அதே மருந்தைக் குப்பியில் எழுதிக் கொடுத்தார். சீட்டில் அளவு பழையபடி 20 - 0 - 12. மருந்துப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் 40 ஐ.யு. என்று இருந்தது. அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

குப்பியை ஒரு கடையில் வாங்கினார் அப்பா. சிரிஞ்சு அங்கே தீர்ந்து விட்டதால் அம்மா இன்னொரு கடையில் "இன்சுலின் சிரிஞ்சு கொடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தார். வியாழக்கிழமை காலையில் குப்பியிலிருந்து 20 என்ற கோடு வரை மருந்தை இழுத்துப் போட்டுக் கொண்டார் அப்பா.

ஏறிய கோடு

அப்பா தினமும் காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்து, சுவரில் மாட்டிய மாதக் காலண்டரில் பென்சிலால் குறித்து வைப்பார். வியாழன் 134. வெள்ளி 212. சனி 251. ஞாயிறு 288.

"ஏம்மா, இந்தப் புது மருந்து எனக்கு ஒத்துக்கலை போல" என்றார் அப்பா. திருமுல்லைவாயில் கல்யாணத்தில் சாப்பிட்ட ஜாங்கிரிதான் காரணம் என்றார் அம்மா. பக்கத்து வீட்டு மாமா, "பத்து யூனிட் கூட்டிப் போடுங்க சார், தானா இறங்கிடும்" என்று யோசனை சொல்லி விட்டுப் போனார். அப்பாவும் அதற்குப் பாதி சம்மதம்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு புரோகிராம் திடீரென்று தவறான விடை தந்தால், கடைசியாக எதை மாற்றினோம் என்று முதலில் பார்க்க வேண்டும். காலண்டரில் இருந்த இரண்டு மாதக் கணக்கை எக்ஸெல்லில் டைப் செய்து லைன் சார்ட் போட்டேன். வியாழன் வரை தரையோடு தரையாகப் போன கோடு, வெள்ளியிலிருந்து மாடிப்படி போல் ஏறியது. ஜாங்கிரி சாப்பிட்டது அதற்கு முந்தின ஞாயிறு. அன்றும் மறுநாளும் கோடு அசையவே இல்லை. மாறியது மருந்து வரும் வழி மட்டும்தான்.

குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்று அச்சிட்டிருந்தது. சிரிஞ்சில் இருந்த எண்கள் 100 வரை போயின.

ஒரே எண், வேறு அளவு

யூனிட் என்பது மருந்தின் அளவு. மில்லி என்பது திரவத்தின் அளவு. ஒரு மில்லியில் எத்தனை யூனிட் கரைந்திருக்கிறது என்பது செறிவு. பேனா கேட்ரிட்ஜில் பொதுவாக மில்லிக்கு 100 யூனிட். இந்தியாவில் மனித இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். ஆனால் எல்லாக் குப்பியும் 40 என்று நினைத்து விடக் கூடாது. கிளார்ஜின் போன்ற சில வகைகள் குப்பியிலேயே 100 செறிவில் வருகின்றன.

இதற்கேற்ப சிரிஞ்சும் இரண்டு வகை. 40 செறிவுக்குச் சிவப்பு மூடி, 100 செறிவுக்கு ஆரஞ்சு மூடி. ஒரு மில்லி கொள்ளும் சிரிஞ்சு இரண்டும் பார்ப்பதற்கு ஒரே பருமன்தான். ஒன்றில் 40 வரை எண்கள், மற்றதில் 100 வரை. எங்கள் வீட்டுக்கு வந்தது ஆரஞ்சு மூடி.

கணக்கைப் பாருங்கள். 100 சிரிஞ்சில் 20 என்ற கோடு 0.2 மில்லி. 40 செறிவு மருந்தில் 0.2 மில்லி எடுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். நான்கு நாளாக அப்பா, தேவையானதில் பாதிக்கும் குறைவாகப் போட்டுக் கொண்டிருந்தார்.

தலைகீழாக நடந்தால் இன்னும் ஆபத்து. 100 செறிவு மருந்தை 40 சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் அது அரை மில்லி. அதாவது 50 யூனிட். கேட்ரிட்ஜில் மிச்சம் இருக்கிறதே என்று சிரிஞ்சால் உறிஞ்சிப் போடக் கூடாது என்பது இதனால்தான்.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக் கொண்டிருந்தபோதே அவருக்குப் புரிந்து விட்டது. "மில்லிமீட்டர் டிராயிங்கை வச்சுக்கிட்டு இஞ்ச் ஸ்கேல்ல அளந்திருக்கேன்னு சொல்லு" என்றார். தொழிற்சாலையில் ஒரு புதுப் பையன் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கு அவனை விட்டிருக்க மாட்டேன் என்று அவரே சிரித்தார்.

பெரிய பெரிய இன்ஜினியர்களுக்கும் இது நடந்திருக்கிறது. செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றி வர நாசா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பர் 23-ல் தொலைந்து போனது. ஒரு சாஃப்ட்வேர் பவுண்டு கணக்கில் விடை தந்தது, அதை வாங்கிக் கொண்ட பக்கம் நியூட்டன் கணக்கு என்று நினைத்தது. எண்களில் பிழை இல்லை. எண்ணோடு அலகு சேர்ந்து போகவில்லை, அவ்வளவுதான்.

சில நாடுகள் இந்தக் குழப்பமே வேண்டாம் என்று ஒரே செறிவுக்கு மாறி விட்டன. பிரிட்டன் 1983-ல் 100-க்கு மாறியது. நம் நாட்டில் இரண்டும் புழக்கத்தில் இருப்பதால் கவனம் நம்முடையதாக இருக்க வேண்டியிருக்கிறது.

கூட்டிப் போட்டிருந்தால்?

மாமா சொன்னபடி கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 30 கோடு என்பது 12 யூனிட். சர்க்கரை அப்போதும் சரியாக இறங்காது. இன்னும் கூட்டுவோம், 50 கோட்டில் நிறுத்தினால் 20 யூனிட், சர்க்கரை சரியாகி விடும். "நமக்கு 50 யூனிட் வேண்டும் போல" என்று முடிவு செய்து சீட்டிலும் எழுதிக் கொள்வோம். அடுத்த மாதம் கடைக்காரர் சரியான சிவப்பு மூடி சிரிஞ்சைக் கொடுப்பார். அதில் 40 வரைதான் எண்கள் என்பதால் இரண்டு தடவையாக எடுத்து 50 போட்டால் அது உண்மையாகவே 50 யூனிட்!

எங்கள் தொழிலில் இதற்கு நிறைய உதாரணம் உண்டு. ஒரு பிழையைக் கண்டுபிடிக்காமல் அதன் மேல் இன்னொரு பிழையைப் போட்டு விடையைச் சரிக்கட்டுவது. முதல் பிழையை யாராவது திருத்திய அன்று மொத்தமும் விழும். இங்கே விழுவது புரோகிராம் இல்லை, அப்பா.

குப்பி, சிரிஞ்சு, சீட்டு மூன்றையும் ஒன்றாக வைத்து செல்போனில் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பி விட்டு போன் செய்தேன். அவர் சொன்னது: அளவைக் கூட்ட வேண்டாம். சிவப்பு மூடி சிரிஞ்சு வாங்கி அதே 20, அதே 12. விட்டுப் போனதை ஈடுகட்ட என்று எதுவும் சேர்த்துப் போடக் கூடாது. இரண்டு நாள் தினமும் நான்கு வேளை சர்க்கரை பார்த்துக் கொண்டு நேரில் வரவும். அந்த வாரக் கடைசியில் காலை அளவு 141-க்கு வந்தது.

எக்ஸெல்லில் நீங்களும் செய்யலாம்

எக்ஸெல் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும்.

1. முதல் வரிசையில் ஒவ்வொரு செல்லாக இந்தத் தலைப்புகளை டைப் செய்திடவும்: தேதி, வேளை, சர்க்கரை, மருந்தின் செறிவு, சிரிஞ்சின் செறிவு, போட்ட அளவு, குறிப்பு.

2. அளவை "20 யூனிட்" என்று நேரடியாக டைப் செய்யாதீர்கள். எக்ஸெல் அதை எண்ணாக எடுத்துக் கொள்ளாது. கூட்டலும் வராது, சார்ட்டும் வராது. அதற்குப் பதில் அந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் கீயுடன் 1 தட்டவும். வரும் டயலாக் பாக்ஸில் நம்பர் டேபில் கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து, டைப் என்ற கட்டத்தில் 0 "யூனிட்" என அமைத்து ஓகே தரவும். இரட்டை மேற்கோள் குறிகளை விட்டு விடாதீர்கள். இனி 20 என்று மட்டும் தட்டினால் போதும், 20 யூனிட் என்று தெரியும். உள்ளே அது எண்ணாகவே இருக்கும்.

3. இரண்டு செறிவுக் காலங்களையும் தேர்ந்தெடுத்து, டேட்டா டேபில் டேட்டா வேலிடேஷன் கிளிக் செய்திடவும். அலவ் என்ற இடத்தில் லிஸ்ட், சோர்ஸ் என்ற இடத்தில் 40,100 எனக் கொடுக்கவும். இனி வேறு எண் தட்டினால் ஏற்காது. ஒரே வரிசையில் இந்த இரண்டு எண்களும் வேறாக இருந்தால் ஊசி போடாமல் நிறுத்துங்கள்.

4. மாத்திரைக் குறிப்பு 1-1-1 என்று தட்டினால் எக்ஸெல் அதைத் தேதியாக மாற்றி விடும்! முதலில் ஓர் ஒற்றை மேற்கோள் குறி போட்டுப் பிறகு தட்டவும். டைப் செய்தபடியே நிற்கும்.

5. தேதி, சர்க்கரை இரண்டு காலங்களையும் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் டேபில் லைன் சார்ட் கொடுத்தால் கோடு தயார்.

6. காலியான ஒரு செல்லில் =400/32 என டைப் செய்து என்டர் தட்டவும். 12.5 என்று விடை கிடைக்கும். பத்து மில்லி குப்பியில் 40 செறிவில் இருப்பது 400 யூனிட், அப்பாவுக்கு ஒரு நாளைக்கு 32. ஆக, ஒரு குப்பி சுமார் 12 நாளில் தீர வேண்டும். எங்கள் பழைய தவறு தொடர்ந்திருந்தால் அது ஒரு மாதம் வந்திருக்கும். குப்பி கணக்குக்கு மேல் நீடித்தாலும், சீக்கிரம் தீர்ந்தாலும் ஏதோ தவறு என்று அர்த்தம். உங்கள் கணக்குக்கு உங்கள் எண்களைப் போட்டுக் கொள்ளுங்கள்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பக்கம்

அப்பா கம்ப்யூட்டரைத் தொட மாட்டார். அவருக்காக வேர்டில் ஒரு பக்கம் பெரிய எழுத்தில் தயார் செய்து பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். விண்டோஸ் 11-ல் மொழியாகத் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99 விசைப்பலகையும் கூடவே கிடைக்கிறது. நிர்மலா எழுத்துருவில் 24 அளவு வைத்தால் கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். அதில் இருப்பவை இவைதான்: மருந்தின் முழுப் பெயர், குப்பி 40, சிரிஞ்சு 40, சிவப்பு மூடி, காலை 20 யூனிட், இரவு 12 யூனிட், சாப்பாட்டுக்கு அரை மணி முன், சீட்டின் தேதி, டாக்டரின் போன் நம்பர்.

யூனிட் என்று முழுதாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் யு என்ற ஒற்றை எழுத்தைப் போட்டால் அவசரக் கையெழுத்தில் அது சுழியாகத் தெரிந்து, 4 என்பது 40 ஆகி விடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு 2004-லேயே இந்தச் சுருக்கத்தைத் தடை செய்யப்பட்ட பட்டியலில் சேர்த்தது.

அந்தப் பக்கத்தின் அடியில் இன்னொரு குறிப்பும் உண்டு. வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்து சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, 108-க்கு போன் செய்ய வேண்டும்.

இந்தக் கட்டுரையைப் படித்து விட்டு யாரும் மருந்தின் அளவை மாற்ற வேண்டாம். அது டாக்டரின் வேலை. சீட்டு மாறினால் கடையை விட்டு நகரும் முன் குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது நம் வேலை. போன வாரம் பூந்தமல்லி அத்தைக்கு இன்சுலின் எழுதியிருக்கிறார்கள் என்று போன் வந்தது. அப்பா ரிசீவரை வாங்கி முதலில் கேட்ட கேள்வி, "மூடி என்ன கலர்?"