ஆறடிக்கு இடமில்லாத ஊரில்

ஆறடி தள்ளி நில், வீட்டிலேயே இரு, அடிக்கடி கை கழுவு. 2020 ஏப்ரலில் உலகமே ஒப்பித்த இந்தப் பாடம் மும்பையின் தாராவிக் குடிசைப் பகுதியில் எடுபடவில்லை. சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டரில் எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனம். பத்துக்குப் பத்து அறையில் ஏழெட்டுப் பேர். பத்தில் எட்டுப் பேருக்குப் பொதுக்கழிப்பறைதான் கதி. ஏப்ரல் 1 அன்று அங்கே முதல் கொரோனா தொற்று உறுதியானது. அந்த நோயாளி அன்றே இறந்துபோனார்.

இடைவெளிக்கு வழியில்லை என்றால் மிச்சம் இருப்பது நேரம் மட்டும்தான். கொரோனா தொற்றியவரிடமிருந்து வைரஸ் அதிகம் பரவுவது, அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி அடுத்த சில நாட்கள் வரை. அதற்குள் ஆளைக் கண்டுபிடித்து அறையிலிருந்து கூட்டிப்போய்விட்டால், கூட இருப்பவர்களில் சிலராவது தப்பலாம். அதனால் மாநகராட்சி நோயாளி வரட்டும் என்று உட்காரவில்லை, தேடிப் போனது. பள்ளிக்கூடங்களும் கல்யாண மண்டபங்களும் தனிமை முகாம்களாயின.

தேடுவதில்தான் சிக்கல். காய்ச்சல் என்று வாய் திறந்தால் பதினான்கு நாள் கூலி போச்சு; முழுக் கவச உடையில் யாரோ வந்தால் கதவு திறக்குமா? திறக்க வைத்தவர்கள் அதே தெருக்களில் கிளினிக் நடத்திய தனியார் டாக்டர்களும், சந்து பொந்தெல்லாம் அறிந்த உள்ளூர்த் தன்னார்வலர்களும்தான். தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடம் அது. தமிழில் விசாரித்தால்தான் உண்மையைச் சொல்லும் பாட்டிகளும் அங்கே உண்டு. முதல் சில நாட்களிலேயே டாக்டர்கள் சுமார் 47,500 பேரைப் பார்த்தார்கள். மும்பைப் புழுக்கத்தில் கவச உடைக்குள் நாள் முழுக்க நடக்க முடியாமல் போகவே, ஆங்காங்கே காய்ச்சல் முகாம் போட்டார்கள்.

ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்ட அவர்கள் கையிலிருந்த ஆக்சிமீட்டர் ஒரு விசித்திரமான கருவி. விரலை மாட்டியதும் இரண்டு ஒளிகள் பாய்கின்றன: ஒன்று சிவப்பு, மற்றது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பை விட்டுவிட்டு அகச்சிவப்பை விழுங்கும். ஆக்சிஜன் இறங்கிய ரத்தம் அதற்கு நேர்மாறு. நாடித் துடிப்போடு ஏறி இறங்கும் பங்கை மட்டும் பிரித்துக் கணக்குப் போட்டு, ஊசி குத்தாமலே ஆக்சிஜன் 97%, 96% என்று காட்டிவிடுகிறது. நகப்பூச்சு இருந்தாலோ விரல் சில்லிட்டிருந்தாலோ தடுமாறும். கறுத்த தோல் என்றால் உண்மை அளவைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வு எச்சரித்தது. நம் ஊர்களுக்கு அது சின்ன விஷயமல்ல.

ஆனாலும் கொரோனாவில் இது கைகொடுத்ததற்குக் காரணம் உண்டு. நமக்கு மூச்சு முட்டுவது பெரும்பாலும் கரியமில வாயு சேர்வதால்தான். ஆக்சிஜன் குறைவதை உடல் அவ்வளவு சீக்கிரம் உணர்வதில்லை. கரியமில வாயுவைத் தொடக்கத்தில் நுரையீரல் சரியாகவே வெளியேற்றிவிடுவதால், 85 காட்டும் மனிதர் டீ குடித்தபடி ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்பார்.

தாராவியில் ஏப்ரலில் 18 நாளுக்கொரு முறை இரட்டிப்பான தொற்று, மே மாதத்தில் 43 நாள் எடுத்துக்கொண்டது. ஜூலை 10 அன்று உலக சுகாதார அமைப்பின் தலைவர், பரவலைக் கட்டுப்படுத்த முடியும் என்பதற்கு உதாரணமாகத் தாராவியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அதே மாதம் மும்பையின் மூன்று வார்டுகளில் நடந்த ரத்த ஆய்வு, குடிசைப் பகுதிகளில் 57% பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்துபோயிருப்பதைச் சொன்னது. மற்ற இடங்களில் அது 16% தான். தாராவி அந்த வார்டுகளில் இல்லை என்றாலும், அங்கும் வைரஸ் சத்தமில்லாமல் நிறையப் பேரைத் தொட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். அப்படியானால் தேடல் குழுக்கள் பரவலை முழுதாக நிறுத்தியிருக்க முடியாது. மெதுவாக்கினார்கள், ஆக்சிஜன் இறங்கியவரைப் படுக்கை கிடைக்கும் நேரத்திலேயே பிடித்தார்கள்.