அம்பத்தூர் ரயிலடி

1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி, இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி ஓடியபோது, அது கடந்து சென்ற ஊர்களில் அம்பத்தூரும் ஒன்று. ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த அவ்வூரின் ஓரமாக மெட்ராஸ் ரயில்வே கம்பெனியார் இட்ட பாதை ஐந்தரை அடி அகலமுள்ளது; இன்றும் தண்டவாளங்கள் அதே அகலத்தில்தான் கிடக்கின்றன. ஆனால் மேற்குக் கடற்கரையை எட்ட வேண்டும் என்ற நோக்கத்தோடு போடப்பட்ட அந்தப் பாதை, வழியிலுள்ள சிற்றூரார் காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்புவதற்காகப் போடப்பட்டதன்று. அந்தச் சௌகரியம் பரிபூரணமாக வாய்ப்பதற்கு மின்சாரம் வரவேண்டியிருந்தது. 1979-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சென்னை சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் வரையுள்ள பாதை மின்மயமாக்கப்பட்டது.

மின்சாரத்துக்கும் சிறிய ரயிலடிக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கலாம். கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில் ஆகிய நிலையங்கள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்தவை. முன்னே நிற்கும் எஞ்சின் ஒன்றே பெட்டிகளையெல்லாம் இழுத்துச் செல்வதாயின், அந்த எஞ்சினின் சக்கரங்கள் மட்டுமே தண்டவாளத்தைப் பற்றி உந்த வேண்டும். வண்டி வேகம் பிடிப்பதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும். புறநகர் மின்சார ரயிலிலோ தனியாக எஞ்சின் என்று ஒன்று இல்லை. மோட்டார் பொருத்திய பெட்டிகள் வண்டி நெடுகப் பல இடங்களில் கோக்கப்பட்டிருப்பதால், உந்தும் சக்கரங்களின் எண்ணிக்கையும் அவற்றின்மேல் அழுந்தும் பாரமும் அதிகம். ஆகையால் அது நின்ற இடத்திலிருந்து விரைவில் வேகம் கொள்கிறது. மேலே செல்லும் கம்பியிலுள்ள 25,000 வோல்ட் மின்சாரத்தைக் கூரையிலுள்ள சட்டம் தொட்டு வாங்க, வண்டியிலேயே உள்ள டிரான்ஸ்பார்மர் அதன் அழுத்தத்தைக் குறைத்து மோட்டார்களுக்கு உகந்ததாக்குகிறது. புதிய வண்டிகளில் பிரேக் போடும்போது அந்த மோட்டார்களே மின்சாரத்தை உற்பத்தி செய்து கம்பிக்குத் திருப்பி அனுப்புகின்றன. நிலையத்துக்கு நிலையம் நிற்கும் வண்டிக்கு இது அற்ப லாபமன்று. இவ்வகை வண்டிகளைக் கட்டுவதும், 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு அவர்களால் திறந்து வைக்கப்பட்டதுமான பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை இதே பாதையின் ஓரத்தில்தான் இருக்கிறது என்பது மனத்துக்கு இதமான செய்தி.

வண்டிகள் அடுத்தடுத்து வரும்போது ஒன்றோடொன்று மோதாமல் காப்பதும் நுட்பமான ஏற்பாடு. தானியங்கிக் கைகாட்டி முறையில் பாதை பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டின் தண்டவாளங்களிலும் சிறிதளவு மின்சாரம் செலுத்தப்படுகிறது. வண்டி அத்துண்டுக்குள் நுழைந்ததும், அதன் இரும்புச் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிட, மின்சாரம் குறுக்கு வழியில் பாய்ந்து திரும்பிவிடுகிறது. எதிர்முனையிலுள்ள கருவிக்கு அது எட்டாமற்போகவே, பின்னால் வரும் வண்டிக்குச் சிவப்பு விளக்கு எரிகிறது. தண்டவாளம் முறிந்தாலும் பெரும்பாலும் இதே விளைவுதான். கோளாறு நேர்ந்தால் அபாயத்தின் பக்கம் சாயாமல் நிற்பதன் பக்கமே சாயும்படி ஒரு யந்திரத்தை அமைத்தவர்களின் விவேகத்தை நான் பெரிதும் போற்றுகிறேன்.

அம்பத்தூரில் நில்லாத எக்ஸ்பிரஸ் வண்டிகள் கோவைக்கும் பெங்களூருக்கும் பம்பாய்க்கும் விரைந்து போகின்றன. அவற்றுக்கும் எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் வண்டிகளுக்கும் தனித்தனி இருப்புப்பாதைகள் உள்ளன. சீசன் டிக்கெட் வைத்திருக்கும் உத்தியோகஸ்தரும் மாணவரும் காய்கறிக் கூடைக்காரரும் நம்பியிருப்பது பிந்தியவற்றையே.

1964-இல் இங்கே தொழிற்பேட்டை ஏற்பட்டபின் இந்த ரயிலடிக்கு ஒரு விசேஷ குணம் வந்து சேர்ந்தது. சாதாரணமாகப் புறநகர் நிலையம் என்றால் காலையில் ஜனங்களை நகரத்துக்கு அனுப்பிவிட்டு, மாலையில் திரும்பப் பெற்றுக்கொள்வது; நிறைந்துபோன வண்டி வெறுமையாகத் திரும்பும். அம்பத்தூரிலோ, அலுவலகம் செல்வோர் சென்ட்ரலை நோக்கி ஏறுகிற அதே வேளையில், திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்தும் பெரம்பூர்ப் பக்கத்திலிருந்தும் பட்டறைகளுக்கு வரும் தொழிலாளர் இறங்குகிறார்கள். பட்டரவாக்கம் நிலையமும் இச்சுமையில் பங்கு கொள்கிறது. இரு திசைகளிலும் ஆள் நிறைந்து ஓடும் வண்டியே ரயில்வேக்கும் ஊருக்கும் ஒருசேரப் பயன் தருவது. நகரங்களை விஸ்தரிக்கத் திட்டமிடுவோர், வீடுகளை ஓரிடத்திலும் வேலைகளை வேறோரிடத்திலும் குவிப்பதற்கு முன், காலை எட்டு மணிக்கு இந்தப் பிளாட்பாரத்தில் சிறிது நேரம் நின்று பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.