வண்டி பேட்டரிக்கும் வரவு செலவு உண்டு



சரக்கு ஏற்றச் சொந்த வண்டி வைத்திருப்போர் நம்மில் பலர். விடியற்காலை விருதுநகர் புறப்பட வேண்டிய நேரத்தில் சாவியைத் திருப்பினால் வண்டி "டிக் டிக்" என்று நின்றுவிடும். மல்லாங்கிணறில் எங்கள் கடைக் குட்டி யானைக்கும் இப்படித்தான் ஆயிற்று. பார்த்தவர் பேட்டரி போய்விட்டது என்றார். புதிது வாங்கிப் போட்டோம். பத்தாம் நாள் அதுவும் படுத்துவிட்டது. பிறகுதான் காரணத்தைத் தேடினோம். அந்த அனுபவம் மற்றவர்களுக்கு உதவட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

கல்லாவில் காசு தங்கவில்லை என்றால் பெட்டியையா மாற்றுவோம்? இருப்பு, வரவு, செலவு என்று கணக்குப் பார்ப்போம். பேட்டரிக்கும் அதே வழிதான்.

முதலில் இருப்பு. இரவு முழுதும் நின்ற வண்டியில் காலையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி. தண்ணீர் ஊற்றும் வகையில் ஆறு அறைகள் உண்டு. முழுச் சார்ஜ் ஏற்றிய பிறகு ஹைட்ரோமீட்டரில் ஐந்து அறைகள் 1.240-ஐ ஒட்டியும், ஒன்று மட்டும் 1.150 என்றும் காட்டினால் அந்த அறை செத்துவிட்டது. அப்போது பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

அடுத்து வரவு. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். ஏறவே இல்லை என்றால் ஆல்டர்னேட்டர், பெல்ட், வயர்களைப் பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும். முனைகளில் பொடி பூத்திருந்தாலும் வரவு தடைப்படும். அதற்கு மருந்து நம் கடையிலேயே இருக்கிறது. மைனஸ் வயரை முதலில் கழற்றி, மூடிகளை இறுக்கிவிட்டு, ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்துக் கழுவித் துடைத்து, மாட்டிய பின் வாசலைன் தடவுங்கள். ஊருக்குள்ளேயே பத்துக் கடைக்கு நின்று நின்று போகும் வண்டிக்குச் செலவு அதிகம், வரவு குறைவு என்பதும் நினைவிருக்கட்டும்.

மூன்றாவது, தெரியாமல் போகும் செலவு. எங்கள் வண்டியில் நடந்தது இதுதான். சரக்குப் பெட்டிக்குள் தனியாக இழுத்துப் போட்ட 5 வாட் பல்பு, கதவைச் சாத்திய பிறகும் எரிந்துகொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 10 ஆம்பியர் அவர் போகும். 50 ஆம்பியர் அவர் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? இதைக் கண்டுபிடிக்க, வண்டியை அணைத்து, மைனஸ் முனைக்கும் அதன் வயருக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைக்கச் சொல்லுங்கள். மீட்டர் இருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது. சற்றுப் பொறுத்த பின் 0.05 ஆம்பியருக்கு மேல் காட்டினால், பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். எதை எடுத்ததும் முள் இறங்குகிறதோ அந்த வழியில்தான் கசிவு. பியூஸ் இல்லாமல் நேராக இழுத்த வயர்களையும் விடாதீர்கள்.

சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி ஆகாது. சிவகாசிப் பக்கத்துக்காரர்களான நமக்குத் தீப்பொறியின் குணத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் ஊர் வெயிலில் தண்ணீர் சீக்கிரம் குறையும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றவும். போர் தண்ணீர் கூடாது.

கணக்குப் பார்க்காமல் முதல் போடுவது வியாபாரிக்கு அழகல்ல. அடுத்த முறை வண்டி படுத்தால், மீட்டரைக் கேளுங்கள். பிறகு பணத்தை எடுங்கள்.