அலாரம் எப்படி ஆளை அறிகிறது?

கதவு திறந்ததை வீட்டு அலாரம் எப்படி அறிகிறது? கதவில் ஒரு சிறு காந்தம், நிலையில் ஒரு ரீட் சுவிட்ச். அதன் கண்ணாடிக் குழாய்க்குள் இரும்பு-நிக்கல் தகடுகள் இரண்டு. காந்தம் அருகில் இருக்கும்வரை ஒட்டியிருக்கும் அவை, கதவு திறந்ததும் பிரியும், மின்சுற்று அறுபடும். 1936இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது இந்த ரீட் சுவிட்ச்.

அறைக்குள் நடமாட்டம் தெரிவது எப்படி? நம் உடல் சுமார் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அகச்சிவப்புக் கதிரை வெளியிடுகிறது. நாம் நகரும்போது, அலாரத்தின் அகச்சிவப்பு உணரியின் இரு பகுதிகளில் ஒன்றில் அது முதலில் படும், மற்றதில் சற்றுப் பிந்திப் படும். அந்த வேறுபாடே எச்சரிக்கை. அறை முழுவதும் சீராகச் சூடேறினால் இரண்டும் சமன்படும், அலாரம் அடிக்காது.

இதே தகவல் ஜிக்பீ அல்லது இசட்-வேவ் ரேடியோ வழியாக, வீட்டுச் சாதனங்களை இணைக்கும் ஹப்புக்குப் போனால், சைரன் ஒலிப்பதோடு அதனுடன் இணைந்த விளக்குகளையும் எரியவைக்கலாம். இந்த ரேடியோக்கள் வைஃபையைவிட மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்குவதால், சிறிய பேட்டரியே நெடுநாள் வரும்.

வாங்கும்முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். உங்கள் ஹப்புடன் இணையுமா? இணையம் அறுந்தாலும் சைரன் ஒலிக்குமா? மின்தடையில் பேட்டரி தாங்குமா? ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் அந்த அலாரத்தை வாங்காதீர்கள்.