சேற்று நண்டுகளின் சண்டையும் அதனைத் தவிர்க்கும் முறையும்

காலபோக நெல் அறுவடை முடிந்தபின் தீவுப்பகுதி வயல்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. கோடை முற்ற முற்றக் கிணற்று நீர் உவர்ப்படைந்து மரக்கறித் தோட்டமும் சுருங்குகின்றது. ஊர்காவற்றுறை, வேலணை, மண்டைதீவு ஆகிய இடங்களிற் கடனீரேரியை அடுத்து வாழும் கமக்காரர் இக்காலத்திற் கைக்கொள்ளத்தக்க உபதொழில்களுள் ஒன்று, சேற்று நண்டைக் கொழுக்க வைத்தலாகும். சிங்கப்பூர்ச் சந்தையிலே இந்நண்டு இலங்கை நண்டு என்ற பெயராலேயே விரும்பி வாங்கப்படுகின்றது.

அண்மையில் ஓடு கழற்றிய நண்டு உருவிற் பெரிதாயினும், உள்ளே தசை குறைந்து நீர் மிகுந்திருக்கும். ஆதலால் விலை குறைவு. 2 முதல் 4 வாரங்கள் வரை உணவிட்டுப் பேணினால் ஓடு இறுகித் தசை நிரம்பும். ஆயினும், பட்டியில் அடைத்த நண்டுகள் ஒன்றையொன்று கடித்துக் கொல்வதனால், வரவேண்டிய இலாபம் நட்டமாகி விடுவதுண்டு. கொடுக்கு இழந்த நண்டுக்கும் விலை இறங்கும். இழந்த உறுப்பு அடுத்த முறை ஓடு கழற்றும்போதே மீண்டும் தோன்றும்.

சண்டைக்குக் காரணங்கள்

சேற்று நண்டு கண்டல் வேர்களினிடையே வளை தோண்டித் தனித்து வாழும் இயல்பினது. நெருக்கம், பசி, ஒளிவிடமின்மை என்பன அதன் மூர்க்கத்தைத் தூண்டுவன. இவற்றினும் கொடியது ஓடு கழற்றும் வேளையாகும். புதிய ஓடு இறுகும் வரை அந்நண்டால் எதிர்த்து நிற்க இயலாது. ஏனையவை அதனை இரையாக்கி விடும். சிறிய நண்டைப் பெரிய நண்டுடன் ஒருங்கே விடினும் இதுவே முடிவு.

தவிர்க்கும் வழிகள்

1. நாற்றை நெருக்கி நட்டாற் பயிர் நலிவது போலவே நண்டும் நெருக்கத்தால் அழியும். ஒரு சதுர மீற்றருக்கு ஒரு நண்டு என்பது பாதுகாப்பான அளவு. 10 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள பட்டியில் 8 அல்லது 9 நண்டுகளே விடல் வேண்டும்.

2. ஒத்த பருமனுள்ளவற்றையே ஒரு பட்டியில் விடுக. ஆணையும் பெண்ணையும் வெவ்வேறாக வைத்தல் நன்று.

3. உடைந்த ஓடுகள், பழைய பானைகள், குழாய்த் துண்டுகள் ஆகியவற்றைப் பட்டியினுள் இடுக. ஒளிவிடங்கள் நண்டுகளின் எண்ணிக்கையினும் மிகுதியாக இருத்தல் வேண்டும்.

4. மலிவான சிறு மீன், மீன் கழிவு ஆகியவற்றை நண்டுகளின் மொத்த நிறையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை நாள்தோறும் இடுக. 500 கிராம் நிறையுள்ள 8 நண்டுகளுக்கு 200 முதல் 400 கிராம் வரை போதும். நண்டு இரவில் இரை தேடுவதாகையால் மாலையிலே இடுதல் சிறந்தது. ஓரிடத்திற் குவிக்காது பல இடங்களிற் பரப்புக. எஞ்சியதை மறுநாட் காலையில் அகற்றாவிடின் நீர் பழுதடையும்.

5. விடுமுன் ஒவ்வொரு நண்டையும் சோதிக்க. அடிப்புறத்தில், கால்கள் பொருந்தும் இடத்திற்கு அருகே விரலால் அழுத்தும்போது மிக எளிதில் அமிழ்ந்தால் அதனைப் பிறவற்றுடன் விடலாகாது. தனிப் பெட்டியில் வைத்து ஓடு இறுகிய பின்னரே சேர்த்தல் வேண்டும்.

செலவு செய்ய இயன்றவர், அறை ஒன்றுக்கு ஒரு நண்டாக அடைக்கும் மிதவைப் பெட்டிகளைக் கொள்ளலாம். இதிற் சண்டைக்கே இடமில்லை. சண்டையை அடக்குதற்காகக் கொடுக்கை முறித்தல் கூடாது. காயம்பட்ட நண்டு நலியும், விலையும் கெடும்.

இடமும் அனுமதியும்

கடல் வற்றும் வேளையிலும் நீர் அறாத இடத்தைத் தெரிந்து பட்டி அமைத்தல் வேண்டும். வயலிலோ நன்னீர்க் கிணற்றின் அருகிலோ குளம் வெட்டி உவர்நீரைத் தேக்குதல் ஆகாது. ஒருமுறை உவர்ப்பேறிய மண்ணும் கிணறும் எளிதில் மீளா. தொழிலைத் தொடங்குமுன், 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த, நெக்டா எனப்படும் நீருயிரின வளர்ப்பு அதிகார சபையிடம் அனுமதி பற்றி விசாரித்தறிதல் வேண்டும்.

முதன்முறை தொடங்குவோர் ஒரு சிறு பட்டியுடன் தொடங்குக. விட்டவை எத்தனை, இறந்தவை எத்தனை, கொடுக்கு இழந்தவை எத்தனை என்று நாள்தோறும் குறித்து வருக. இழப்புக் குறைந்தமை கணக்கிலே தெளிந்த பின்னரே பட்டியைப் பெருக்குதல் அறிவுடைமையாகும்.